பொட்டு வைத்த கேமரா

மைசூர் ஹெப்பாளில், கார்களுக்கு ஒயர் கட்டிக்கொடுக்கும் ஃபேக்டரி ஒன்றின் வாசலில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஒரு பெரிய படம் தொங்கும். வருடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் குடும்பத்தோடு எங்காவது சுற்றுலா கூட்டிப்போவார்கள். அங்கே எடுத்த படத்தை அடுத்த சுற்றுலா வரைக்கும் மாட்டி வைப்பார்கள். 'நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று அதன் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருக்கும்.

குடும்பம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அந்தக் குடும்பத்தில் மூன்றாம் லைன் பெண்களைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். ஸ்டுடியோக்காரர் வந்ததும் நாற்காலி போட்டு அதிகாரிகளை உட்கார வைப்பார். அவர்களுக்குப் பின்னால் சூப்பர்வைசர்கள், அப்புறம் முதல் லைன், இரண்டாம் லைன். இடம் மிச்சமிருந்தால் மூன்றாம் லைன். லீலா இத்தனை வருடமாக அந்தச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறாள், ஆனால் தெரிவது அவளுடைய வகிடு மட்டும்தான். மீனாவுக்கு அந்த பாக்கியமும் இல்லை. உருவம் அப்படி, நாலடி சொச்சம். ஒரு வருடம் மட்டும் அவளுடைய வலது முழங்கை இரண்டு பேருக்கு நடுவில் எட்டிப் பார்த்தது. அந்த வருடம் முழுக்க மீனா புதிதாகச் சேர்ந்தவர்களையெல்லாம் கூட்டிவந்து, "இது நான்தான்" என்று அந்த முழங்கையைத் தொட்டுக் காட்டினாள். எல்லோரும் சிரிப்பார்கள், மீனாவும் சிரிப்பாள். லீலாவுக்கு மட்டும் எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

அப்படிப்பட்ட லீலாவின் கைக்கு ஒரு கேமரா வந்தது. கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் அவளுடைய தம்பி மனோஜ்குமார் புதுக் கேமரா வாங்கியதும், பழையதை அக்காவின் தலையில் கட்டிவிட்டான். லீலா அதைச் சும்மா விடவில்லை. கம்பெனி பஸ்ஸில் போகவர, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, கேமரா சொல்லித்தரும் கன்னட வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினாள். வீட்டுக்கு வந்தால் பரிசோதனை. பரிசோதனைக்கு அகப்பட்டவன் அவளுடைய வீட்டுக்காரன் சேகரன். பெயிண்ட் வேலைக்குப் போய்விட்டு அலுத்துச் சலித்து வருகிறவனைக் கொல்லைப்புறத்தில் நிறுத்தி, கையில் ஒரு சொம்பைக் கொடுத்து, தண்ணீரை வீசியடிக்கச் சொல்வாள்.

"ஏனுங்க, இன்னொரு சொம்பு."

"ஏம்புள்ள, தொட்டி காலியாவுது."

"கடைசிங்க. இன்னும் கொஞ்சம் மேல வீசுங்க."

தண்ணீர் ஒரு விசித்திரமான வஸ்து என்பதை அவள் இப்படித்தான் கண்டுபிடித்தாள். ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடினால் தண்ணீர் வெள்ளை நூலாக இழுபட்டது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக அதன் நேரத்தை வைத்தால், துளிகள் அறுந்த பாசிமணிபோல ஒவ்வொன்றாக அந்தரத்தில் நின்றன. அப்படி நின்ற ஒரு படத்தில், துளிகளுக்கு நடுவே சேகரன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் படத்தைத்தான் ஹெச்.ஆர். அனுப்ரியா பார்த்துவிட்டாள். சின்னப் பெண். வீட்டில் தமிழ் என்றாலும், படித்தது வளர்ந்தது எல்லாம் கன்னடத்தில். இந்த வருடம் சுற்றுலா நஞ்சன்கூடு ரோட்டில் இருக்கும் தீம் பார்க்குக்கு. ராட்டினம் கொஞ்சம், தண்ணீர் விளையாட்டு நிறைய. ஸ்டுடியோக்காரர் வந்தால் அங்கேயும் நாற்காலிதான் போடுவார் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கேன்டீனில் வைத்து, "இந்த வருஷம் படம் லீலாக்கா எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

புரொடக்‌ஷன் ஆபீஸர் உமேஷுக்கு அது பிடிக்கவில்லை. அவர் எப்போதும் முன்வரிசை நாற்காலிக்காரர். பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அவரிடம் இல்லை, லைன் நம்பர்தான்.

"ஏம்மா மூணாம் லைன், கல்யாண வீட்டுக்காரன் தூக்கிப் போட்ட கேமரால எடுக்கப் போறியா? அதுக்கு என் போனே போதும்."

"நான் பொறுப்பு சார்" என்றாள் அனுப்ரியா.

"சரி. படம் நல்லா வரலேன்னா வருஷா வருஷம் ஸ்டுடியோக்காரர்தான். அப்புறம் இந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது. ஆயித்தா?"

ஆயிற்று என்று லீலா தலையாட்டினாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளுக்கு வாய் சும்மா இருக்காதே. லைனுக்குத் திரும்பியதும், எல்லோர் காதிலும் விழும்படி, "மீனா, இந்த வருஷம் முழங்கை இல்ல. மூஞ்சி. உன் மூஞ்சி, வடிவக்கா மூஞ்சி, நம்ம எல்லாத்தோட மூஞ்சியும் அந்தச் சுவத்துல இருக்கும். நான் வெக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மீனா லீலாவின் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனாள். உமேஷின் மிரட்டலைவிட அந்தப் பிடிதான் லீலாவுக்குப் பெரிய பாரமாக இருந்தது.

அதற்குள் தசரா வந்துவிட்டது.

தசரா வந்தால் மைசூரில் கேமரா வைத்திருக்கிறவன் வீட்டில் உட்கார மாட்டான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் லீலாவும் சேகரனும் விளக்கு அலங்காரம் பார்க்கப் போனார்கள். இருட்டில் எடுக்க வேண்டும் என்பதால் லீலா எல்லாவற்றையும் கையாலேயே திருகி வைத்தாள். வெளிச்சத்தை உறிஞ்சும் ஐஎஸ்ஓ ஆயிரத்து அறுநூறு, ஷட்டர் நல்ல மெதுவு, லென்ஸின் வாய் முழுக்கத் திறப்பு. சர்க்கிளும் ரோடும் மரங்களும் தகதகவென்று வந்தன. ஒரு பேட்டரி தீர்ந்து, அடுத்ததும் பாதியானது. திரும்பி வந்து அப்படியே அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை அவள் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த நேரம், சேகரன் கூடத்தில் பூஜைக்கு அடுக்கினான். அவனுடைய பிரஷ்கள், ரோலர், அவளுடைய கத்தரிக்கோல், அரிவாள்மனை, எல்லாவற்றுக்கும் நடுவில் ராஜா மாதிரி கேமரா. பக்கத்தில் சார்ஜரும் இரண்டு பேட்டரிகளும். பக்தியில் ஒரு குறையும் வைக்கவில்லை அவன். சுண்டலோடு வந்த லீலா அலறிவிட்டாள். லென்ஸ் கண்ணாடியில் மூன்று பட்டையாக விபூதி, நடுவில் சந்தனம், அதன்மேல் நாலணா அளவுக்குக் குங்குமம்.

"ஏனுங்க! அது கண்ணாடிங்க!"

"தெரியுது. அதுதான அதுக்கு மூஞ்சி? மூஞ்சிலதான பொட்டு வெக்கோணும்? முதுகுலயா வெப்பாங்க?"

பைக்குக்குக்கூட அவன் ஹெட்லைட்டில்தான் பொட்டு வைத்திருந்தான்.

"சரி, பேட்டரிய மட்டும் எடுத்து சார்ஜ் போட்டுக்கறேன். நாளைக்குக் காலைல பார்க்குக்குப் போவோணும்."

"சாமிகிட்ட வெச்சத எடுத்துக் கரண்டுல சொருவுவியா? காலைல மறுபூஜ ஆனப்பறம் எடு."

உண்மையைச் சொன்னால் லீலாவுக்கும் எடுக்க மனம் வரவில்லை. பூஜையில் வைத்த ஆயுதத்தை விஜயதசமி அன்றுதான் எடுக்க வேண்டும் என்றுதான் அவளும் வளர்ந்தவள். ஒரு நாள் முழுக்க, கைக்கெட்டும் தூரத்தில், கேமரா பொட்டு வைத்துக்கொண்டு மணப்பெண்ணாட்டம் உட்கார்ந்திருந்தது. லீலா அதைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

விஜயதசமி அன்று பார்க்குக்குப் போவதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்குக் காரணம் தெரியும். தசரா யானை ஊர்வலமான ஜம்பு சவாரி பார்க்க ஊரே நடு ஊரில் குவிந்திருக்கும், பார்க்கில் மற்ற நாள் கூட்டத்தில் பாதிகூட இருக்காது. ஒரே ஒரு கஷ்டம், ரோடுகளை அடைப்பதற்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும். விடிவதற்குள் பஸ் வந்து ஆரன் அடித்தது. சேகரன் அவசர அவசரமாகத் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, கேமராவையும் பேட்டரியையும் எடுத்துப் பையில் போட்டான். சார்ஜர் தேங்காய்த் தட்டுக்குப் பின்னால், தலையில் ஒரு செவ்வந்திப் பூவோடு, வீட்டிலேயே தங்கிவிட்டது.

அது பஸ்ஸில்தான் தெரிந்தது. லீலாவுக்குப் பொட்டைப் பற்றிக்கூடக் கவலையில்லை. லென்ஸுக்கு முன்னால் தம்பி ஒரு காவல் கண்ணாடியைத் திருகி வைத்திருந்தான், குங்குமம் அதன்மேல்தான் இருந்தது. அதைக் கழற்றிச் சேகரனிடம் கொடுத்தாள், அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் வைத்தான். ஆனால் பேட்டரி? ஒன்று சுத்தமாகக் காலி, இன்னொன்று பாதி. சிக்கனமாக இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, எடுத்த படத்தைக் காட்டும் பின்பக்கத் திரையை அணைத்து வைத்தாள். பேட்டரியைத் தின்பதில் அந்தத் திரைக்குத்தான் முதலிடம். அது சரியான காரியம்தான். ஆனால் மற்றதையும் ஒருமுறை பார்த்திருக்க வேண்டாமா? அங்கேதான் கெட்டிக்காரி கோட்டை விட்டாள்.

பார்க் வாசலில் அகலமான படிக்கட்டு இருந்தது. லீலா நாற்காலியே கேட்கவில்லை. அதிகாரிகளைக் கீழ்ப்படியில் நிறுத்தி, ஒவ்வொரு லைனாக மேலே மேலே ஏற்றினாள். மூன்றாம் லைன் உச்சிப் படியில் ஏறியதும் அத்தனை முகங்களும் பளிச்சென்று தெரிந்தன. மீனா மாலை போட்ட மாதிரி நிமிர்ந்து நின்றாள். ஃபேக்டரிக்கே தலைவரான பிளான்ட் ஹெட்டுக்கு ஜம்பு சவாரி பார்க்கச் சிறப்புப் பாஸ் கிடைத்திருந்தது. அவர் வாட்சைப் பார்த்தபடியே நின்றார். லீலா கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஓரத்தில் ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டு மின்னியது. கொசுவை விரட்டுவதுபோல மனதுக்குள் அதை ஒதுக்கிவிட்டு, மீனாவின் முகத்தையே பார்த்து அழுத்தினாள். இன்னொன்று. பத்திரத்துக்கு இன்னொன்று.

பிளான்ட் ஹெட் காரில் ஏறிப் போய்விட்டார். மற்றவர்கள் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி தண்ணீரைப் பார்த்து ஓடினார்கள்.

லீலா சும்மாவே ஒரு சுற்று வந்தாள். ராட்டினம், சறுக்கு, எல்லாவற்றையும் பார்த்தாள், எதையும் எடுக்கவில்லை. பேட்டரியை நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டாள். சூரியன் உச்சிக்கு வரும்போது, சுருமுரி என்ற காரப்பொரி விற்கும் கடை நிழலில் நின்று, காலையில் எடுத்ததில் ஒன்றை மட்டும் பார்ப்போம் என்று திரையை உயிர்ப்பித்தாள்.

வெள்ளை.

திரைதான் கெட்டுவிட்டதோ என்று நினைத்தாள். அடுத்த படம். வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை. வெளுத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி, ஒரு முகம், ஒரு படி, ஒரு தலைமுடி கிடையாது. அதற்கு முந்தின படத்துக்குப் போனாள். தகதகவென்று விளக்குகள். அப்போதுதான் புரிந்தது. இருட்டுக்கு வைத்த கணக்கை மாற்றாமலே வெயிலில் அழுத்தியிருக்கிறாள். உள்ளே மின்னிய கோடு அதைத்தான் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உமேஷின் ஞாபகம்கூட வரவில்லை. உச்சிப் படியில் நிமிர்ந்து நின்ற மீனாதான் கண்ணுக்குள் நின்றாள்.

நினைக்காவிட்டாலும் வருவாரே உமேஷ். எல்லோருடைய போன்களையும் ஒரு பையில் போட்டு மாட்டிக்கொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், இஸ்திரி கலையாத சட்டையில் வந்தார்.

"ஏம்மா மூணாம் லைன், படம் வந்துச்சா? காட்டு."

"பேட்டரி கம்மி சார். சாயங்காலம் காட்டறேன்."

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்தார். சேகரன் இரண்டு பொட்டலம் சுருமுரியோடு வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் முகமும் செத்துவிட்டது. திரையைக் காட்டினாள்.

"நான் வெச்ச பொட்டாலயா புள்ள?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி முழுக்க அவன் தலையில் போயிருக்கும். அவன் ஏற்றுக்கொள்ளவும் தயாராகத்தான் நின்றான். லீலா பெருமூச்சு விட்டாள்.

"பொட்டு இல்லீங்க. நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

"இன்னொருக்கா நிக்கச் சொன்னா நிக்க மாட்டாங்களா?"

"யாரக் கூப்புடறது? பாருங்க."

ஒருவன் சறுக்கில் தலைகீழாக வந்துகொண்டிருந்தான். இன்னொருவன் பெண்டாட்டியை ரப்பர் வளையத்தில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். எல்லோரும் சொட்டச் சொட்ட ஈரம். பிளான்ட் ஹெட் ஊருக்குள் போய்விட்டார். யாரைக் கெஞ்சி எந்தப் படியில் ஏற்றுவது?

அப்போது மணி அடித்தது. டணடணவென்று, கோயில் மணி மாதிரி.

பார்க்கின் நடுவில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கம்பம். அதன் உச்சியில் ஆட்டோ அளவுக்கு ஒரு வாளி. அது நிரம்பி நிரம்பி வந்து, கவிழ்வதற்குச் சற்று முன்னால் மணி அடிக்கும். மணி கேட்டதும் சறுக்கில் இருந்தவன், அலையில் இருந்தவன், ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தவன் எல்லாம் விழுந்தடித்து ஓடிவந்தார்கள். வாளிக்குக் கீழே கூடி, அண்ணாந்து, வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். வாளி கவிழ்ந்தது. தண்ணீர் இடி மாதிரி இறங்கியது. அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

லீலா பார்த்தாள். யாரும் நிறுத்தவில்லை, யாரும் சிரிக்கச் சொல்லவில்லை. முகங்கள் தாமாக வந்து கூடி, தாமாக நிமிர்ந்தன. சுருமுரிப் பொட்டலத்தைச் சேகரன் கையில் திணித்தாள்.

"ஏனுங்க, இங்கதாங்க படம் இருக்குது."

ஆனால் வாளிக்குக் கீழே மூன்றாம் லைன் ஒருத்திகூட இல்லை. அவர்கள் எல்லாம் கரையில் வரிசையாக உட்கார்ந்து, காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டு, கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் தண்ணீருக்குள் இறங்க நைலான் துணி போட வேண்டும் என்பது பார்க் சட்டம். ஆண்கள் இருக்கும் இடத்தில் அதைப் போட்டுக்கொண்டு இறங்குவதா என்ற கூச்சம்.

லீலா அவர்கள் முன்னால் போய் நின்றாள். சுற்றி வளைக்கவில்லை.

"காலைல எடுத்த படம் எல்லாம் போச்சு. ஒண்ணுல ஒரு மூஞ்சிகூட இல்ல. தப்பு என்னுது. எனக்கு உங்க மூஞ்சியப் பாக்கவே வெக்கமா இருக்குது."

கடலை கொறிப்பது நின்றது. மீனா குனிந்து தன் காலைப் பார்த்தாள். லைனில் மூத்தவள் வடிவு. ராமாபுரத்துக்காரி, ஆளும் பெரிசு, குரலும் பெரிசு. அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"போனாப் போவுது போ. படியில நின்னு நின்னு காலுதான் கடுத்துது. இப்ப என்ன பண்ணோணுங்கற? அதச் சொல்லு."

"அந்த வாளிக்கு அடியில வந்து நிக்கோணும்க்கா. முன்னால. மொத ஆளா."

"அந்த நைலான் துணியப் போட்டுக்கிட்டா? அதுல நான் டென்ட் கொட்டாயாட்டம் இருப்பேன்டி!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் மீனா எழுந்துவிட்டாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"துணி அந்தப் பக்கம் குடுக்கறாங்க. நான் போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். வடிவு ஒரு நிமிடம் அவள் முதுகையே பார்த்தாள். கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்தாள்.

"எந்திரிங்கடி. டென்ட் கொட்டாயும் படத்துல வரட்டும்."

அதற்கப்புறம் லீலா பம்பரமாகச் சுழன்றாள். அனுப்ரியாவைத் தேடிப்பிடித்து உண்மையைச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு நொடி முகம் வெளிறியது. "அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டவள், உடனே, "டென்ஷன் வேண்டாம் அக்கா, நம்ம ஆளுங்க எல்லாரையும் நான் மணிக்கு முன்னாடியே வாளிகிட்ட வரச் சொல்றேன்" என்று ஓடினாள். லீலா பேட்டரியைக் கழற்றிச் சேகரனின் உள்ளங்கையில் வைத்தாள். கொஞ்சம் ஓய்வும் கைச்சூடும் கிடைத்தால் தீரப்போகிற பேட்டரி நாலு படம் கூட எடுக்கும் என்று தம்பி சொல்லியிருந்தான். அவன் அதைக் கோழிக்குஞ்சு மாதிரி பொத்திப் பிடித்துக்கொண்டான். குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பி ஒன்று அவள் பையில் இருந்தது. அதில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, கேமராவுக்கு மாட்டி, ரப்பர் பேண்டால் இறுக்கினாள்.

இனி கணக்கு. இந்தமுறை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து வைத்தாள். நல்ல வெயில், அதனால் ஐஎஸ்ஓ நானூறு போதும். துளி அந்தரத்தில் நிற்க வேண்டும், அதனால் ஷட்டர் ஆயிரத்து அறுநூறில் ஒரு பங்கு நொடி. முன்னால் நிற்பவளும் தெளிவாக வேண்டும், பின்னால் நிற்பவனும் தெளிவாக வேண்டும், அதனால் லென்ஸின் வாயை எட்டாம் எண் வரைக்கும் சுருக்கினாள். பேட்டரியைப் போட்டாள்.

"ஏனுங்க, ஒரு சொம்பு."

சொம்புக்கு எங்கே போவது? சேகரன் முழங்கால் தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் அள்ளி வீசினான். கொல்லைப்புறத்தில் வீசிய அதே வீச்சு. ஒரே ஒரு படம். திரையைப் பார்த்தாள். மணிமணியாகத் துளிகள், நடுவில் சேகரன். சட்டை மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. நுரையும் வெளுத்துவிடும் என்று வெளிச்சத்தை ஒரு படி குறைத்துக்கொண்டாள். பேட்டரி அடையாளம் சிவப்பாகி மின்னத் தொடங்கியது.

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, அவளும் நைலான் துணியில் தண்ணீருக்குள் நின்றாள். மூன்றாம் லைன் வந்தது. ஊதா நிற நைலான் துணியில் வடிவு முன்னால் வர, பின்னால் மற்றவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் இறங்குவதைப் பார்த்ததும் இரண்டாம் லைன் விசில் அடித்தது. முதல் லைன் குடும்பத்தோடு வந்து சேர்ந்தது. அனுப்ரியா கையைத் தட்டி எல்லோரையும் நெருக்கினாள். முதலில் வந்தவர்கள் முன்னால், அப்புறம் வந்தவர்கள் பின்னால். அவ்வளவுதான் வரிசை. கரையில் தனியாகிப்போன உமேஷ் யோசித்து யோசித்து, போன் பையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் பின்னால் ஒரு தூண் ஓரமாக வந்து நின்றார்.

மணி அடித்தது. லீலா மூச்சைப் பிடித்தாள். வாளி சாயும் நேரம் பார்த்து யாரோ ஒரு வெளியூர்ப் பையன் பெரிய ரப்பர் வளையத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மீனாவுக்கு முன்னால் வந்து நின்றான். லீலாவின் விரல் துடித்தது. அழுத்தவில்லை. தண்ணீர் கொட்டி முடிந்தது.

"எடுத்துட்டியா?" வடிவு கத்தினாள்.

"இல்லக்கா! மறுக்காவும் நில்லுங்க! நவுந்துராதீங்க!"

வாளி மறுபடி நிரம்ப வேண்டும். கேமராவை அணைத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். யாரும் நகரவில்லை. நனைந்தவர்களுக்கு இனி நனைவதில் என்ன கூச்சம்? வடிவு பக்கத்திலிருந்தவள் மேல் தண்ணீரை வாரி அடித்தாள், அவள் திருப்பி அடித்தாள். இதற்குள் மூன்றாம் லைன் பெண்களின் கூச்சம் எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை. வளையத்துப் பையனை வடிவு ஒரு பார்வை பார்த்தாள், அவன் வளையத்தோடு காணாமல் போனான்.

மணி. லீலா கேமராவை உயிர்ப்பித்தாள். சிவப்பு மின்னியது. அத்தனை முகங்களும் அண்ணாந்தன. வாளி சாய்ந்தது, தண்ணீர் கண்ணாடிப் பாளமாகப் புறப்பட்டது. இன்னும் இல்லை. இன்னும் இல்லை. இப்போது. விரலை வைத்து அழுத்திப் பிடித்தாள். கேமரா மூன்று முறை படபடத்தது. நாலாவதற்கு முனகிவிட்டு உயிரை விட்டது.

பதிவானதா, ஆகவில்லையா? திரை கறுப்பாக இருந்தது. வீடு போனால்தான் தெரியும்.

திரும்பும்போது ஜம்பு சவாரி முடிந்து ஊர் கலைந்துகொண்டிருந்தது. பஸ் நகர்வதாகவே இல்லை. மூன்றாம் லைன் மட்டும் பஸ்ஸின் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போனது, அவ்வளவு பாட்டு, அவ்வளவு கூத்து. லீலா ஜன்னலோரம் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. சேகரன் செருப்பைக்கூடக் கழற்றாமல் பூஜைக்கு முன்னால் போனவன், ஞாபகம் வந்து திரும்பி, கழற்றிவிட்டுப் போய், சார்ஜரின் தலையிலிருந்த செவ்வந்தியை எடுத்துக் காதில் சொருகிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு சார்ஜரைக் கரண்டில் மாட்டினான்.

கொஞ்சம் ஏறியதும் லீலா கேமராவை உயிர்ப்பித்தாள். முதல் படத்தில் தண்ணீர் இன்னும் மேலேயே இருந்தது. மூன்றாவதில் தண்ணீர் எல்லோரையும் மறைத்துவிட்டது.

இரண்டாவது படத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள். தண்ணீர் அவர்கள் தலைக்கு ஒரு சாண் மேலே, பாளம் பாளமாக, விளிம்பெல்லாம் மணி கட்டித் தொங்கியது. கீழே அத்தனை முகம். வடிவு இரண்டு கையையும் விரித்து வானத்தையே அதட்டுகிறாள். அனுப்ரியா கண்ணை மூடிக் கத்துகிறாள். எல்லோருக்கும் முன்னால், நட்ட நடுவில், ஒருத்தரும் மறைக்காமல், மீனா. உள்நாக்கு தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். லீலா அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். சேகரன் எட்டிப் பார்த்துவிட்டு, "பொட்டு வெச்ச ராசி புள்ள" என்றான்.

படத்தைச் சுவரளவுக்குப் பெரிதாக்கி மாட்டும் முன்னால் உமேஷ் ஒரு கடைசி முயற்சி செய்து பார்த்தார். பிளான்ட் ஹெட் இல்லாத படத்தை எப்படி வாசலில் மாட்டுவது என்று கேட்டார். பிளான்ட் ஹெட் படத்தின் முன்னால் நின்று, முதலில் புன்னகைத்தார், பிறகு வாய்விட்டே சிரித்தார். "நான்தான் அங்க இல்லையே உமேஷ். நனைஞ்சவங்கதான் இதுல இருக்காங்க. மாட்டுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வாசலில் கூட்டம் நெட்டித் தள்ளியது. எல்லோரும் தங்கள் முகத்தைக் கண்டுபிடித்துக் கத்தினார்கள். மீனா யாரையும் கூட்டிவந்து காட்டவில்லை, தேவையே இல்லை. வாசலில் நுழைகிற யாருக்கும் முதலில் தெரிவது அவள்தான். அவள் சற்றுத் தள்ளி நின்று, தன் முகத்தைத் தானே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே மூலையில் சின்ன எழுத்தில், 'படம்: லீலா, மூன்றாம் லைன்' என்று அனுப்ரியா போட்டிருந்தாள்.

கூட்டம் கொஞ்சம் வடிந்ததும் உமேஷ் மெல்ல வந்தார். முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் கண்ணால் துழாவினார். பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். குனிந்தும் பார்த்தார்.

"நான் எங்க இருக்கேன்?"

லீலா தூண் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். வடிவின் விரித்த கைக்குப் பின்னால், வாட்ச் கட்டிய கையின் முழங்கை ஒன்று தெரிந்தது.

மீனா வாயைப் பொத்திக்கொண்டாள். உமேஷ் தன் கையை மடக்கிப் படத்தோடு ஒத்துப் பார்த்தார். அப்புறம் அசடு வழியத் தலையைச் சொறிந்துகொண்டு, கன்னடத்தில் பெரியவர்களிடம் பேசும் மரியாதையில், முதல் தடவையாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"லீலாவரே, அடுத்த வருஷம் நான் எங்க நிக்கணும்னு கொஞ்சம் முன்னாடியே சொல்லிடுங்க."

"முன்னால வந்து நில்லுங்க சார்" என்றாள் லீலா. "ஆனா நனையோணும்."